காலையில் மட்டும் எஞ்சினுக்குள் குருவி கத்துகிறது, எங்கே தேடுவது?

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஒன்பது வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக், 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் போனட்டுக்குள்ளிருந்து ‘கீச் கீச் கீச்’ என்று குருவிச் சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் வேகமாகக் கத்துகிறது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. டைனமோ, ஏசி எல்லாவற்றையும் ஓட்டும் பெல்ட்டை மாற்றினார்கள், மூன்று வாரம் அமைதி, அப்புறம் அதே சத்தம். இரண்டாவது மெக்கானிக் ‘டைனமோ பேரிங் போயிடுச்சு’ என்கிறார். மூன்றாமவர் ‘டைமிங் செயின், எஞ்சினைப் பிரிக்கணும்’ என்கிறார். கடைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் சத்தமே வருவதில்லை. யாரை நம்புவது?

இப்போதைக்கு யாரையும் நம்ப வேண்டாம், எஞ்சினைப் பிரிக்கச் சொன்னவரை நிச்சயமாக வேண்டாம். அவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. மூன்று பேருமே சத்தத்தைக் கேட்காமல் பதில் சொன்னவர்கள், அவ்வளவுதான். பகல் பதினொரு மணிக்குச் சூடான எஞ்சினோடு போய் நின்றால் கார் சமர்த்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். அடுத்த முறை முதல் நாள் சாயங்காலமே காரைக் கடையில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை மெக்கானிக் முன்னாலேயே முதல் ஸ்டார்ட் நடக்கட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். என் அனுபவத்தில், நீங்கள் சொன்னதிலேயே பெரிய துப்பு அந்த ‘மூன்று வாரம் அமைதி’தான். பெல்ட் மட்டுமே கோளாறு என்றால், புது பெல்ட் போட்டதும் சத்தம் வருடக்கணக்கில் தொலைந்திருக்க வேண்டும். பேரிங் மட்டுமே கோளாறு என்றால், புது பெல்ட் போட்ட மறுநாளே கேட்டிருக்கும். அடங்கி, பிறகு திரும்பி வருகிறது என்றால் கத்துவது பெல்ட்தான். ஆனால் அதைக் கத்த வைப்பது அது ஓடும் பாதையில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று. பெரும்பாலும் ஏதாவது ஒரு புல்லி, அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம், மற்றவற்றோடு ஒரே நேராக இல்லாமல் கோடு தப்பி நிற்கும். புது ரப்பர் கொஞ்ச நாள் அந்தக் குறையை மறைத்து வைக்கும், ஓரம் தேய்ந்து பளபளப்பானதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

உறுமி மேளம் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பிடித்து இழுக்கும், ஒரு கட்டத்தில் நழுவும், மறுபடி பிடிக்கும். ஒரு விநாடிக்குள் இது பல தடவை நடப்பதால் வருவதுதான் அந்த ‘உர்ர்ர்’. பெல்ட்டும் புல்லியும் செய்வது இதே வேலைதான். பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். ஆறு வரி, 1700 மி.மீ. நீளம் என்றால் முதுகில் 6பிகே1700 என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிகள் புல்லியின் பள்ளங்களில் நேராக இறங்கினால் சத்தம் இல்லை. புல்லி சாய்ந்தோ தள்ளியோ இருந்தால், ஒவ்வொரு வரியும் பள்ளத்தின் சுவரில் உரசிக்கொண்டே இறங்கும். அந்தப் பிடித்து நழுவும் ஆட்டம்தான் உங்கள் குருவி.

ஏன் காலையில் மட்டும்? நன்றாக நனைந்த ரப்பர் வழுக்கும், நன்றாகக் காய்ந்த ரப்பர் கவ்வும். இரண்டுக்கும் நடுவே அரை ஈரமாக இருக்கும்போதுதான் பிடித்து நழுவுவது அதிகம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் ஊரில் தெருவில் நிற்கும் எந்தக் காரின் பெல்ட்டும் காலையில் அரை ஈரம்தான். எஞ்சின் சூட்டில் அது காய்ந்ததும் சத்தம் அடங்குகிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த சார்ஜை டைனமோ முதல் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுக்கிறது, அப்போது அதன் புல்லியைச் சுற்ற பெல்ட் அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். (சரியான பெயர் ஆல்டர்னேட்டர். ஆனால் டைனமோ என்று சொல்லாத மெக்கானிக்கை நான் இன்னும் சந்திக்கவில்லை.)

சத்தத்தின் சாயலையும் கொஞ்சம் பிரித்துக் கேளுங்கள். விட்டுவிட்டு வரும் ‘கீச் கீச்’ பெரும்பாலும் கோடு தப்பிய புல்லி. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டதும் ‘கீஈஈஈ’ என்று நீளமாக வந்தால் இழுவிசை குறைந்து பெல்ட் வழுக்குகிறது. வறட்டுத்தனமாக ‘கொர்ர்’ என்று விடாமல் வந்தால் பேரிங். எஞ்சினுக்குள்ளே வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் தளர்ந்தால் குருவி கத்தாது. ஆயில் பிரஷர் ஏறும் வரை முதல் ஒன்றிரண்டு விநாடி ‘கரகர’ என்று டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது போல வரும். பத்து நிமிடம் கீச்சிடும் வண்டிக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பது தலைவலிக்கு மொட்டை அடிக்கச் சொல்வது போல.

சரி, இனி நீங்களே செய்யக்கூடியது. மொபைலில் வீடியோ எடுங்கள். குரல் பதிவு செயலியைவிட வீடியோ நல்லது, ஏனென்றால் சில செயலிகள் விடாமல் வரும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். எடுத்ததைக் கால் வேகத்தில் ஓடவிட்டு, ஒரு விநாடிக்கு எத்தனை ‘கீச்’ என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பெல்ட் பாதையில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றுகிறது. குளிர்ந்த எஞ்சின் 1200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்றில், ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தண்டிலேயே மாட்டியிருக்கும் கிராங்க் புல்லி விநாடிக்கு 20 சுற்று. அதன் விட்டம் 14 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 44 செ.மீ., ஆக பெல்ட் விநாடிக்கு 8.8 மீட்டர் ஓடுகிறது. 1.7 மீட்டர் பெல்ட் விநாடிக்கு ஐந்து தடவைதான் முழுச் சுற்று வரும். 5.5 செ.மீ. விட்டமுள்ள டைனமோ புல்லி அதே நேரத்தில் ஐம்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். விநாடிக்கு ஐந்து கீச் என்றால் பெல்ட்டில் ஏதோ ஓர் இடத்தில் காயம், அல்லது வரியில் சிக்கிய கல். இருபது என்றால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். எண்ணவே முடியாமல் ஒரே ரீங்காரமாக இருந்தால் சின்னப் புல்லி அல்லது பேரிங். கோடு தப்பிய பெல்ட் சில சமயம் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் விட்டுவிட்டும் கத்தும். அதனால் இந்த எண்ணிக்கை வழிகாட்டி மட்டும்தான்.

அடுத்து தண்ணீர். துணி அயர்ன் செய்யும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் போதும். வெறும் தண்ணீர், வேறெதுவும் கலக்க வேண்டாம். சத்தம் வரும்போதே, ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் இரண்டு மூன்று தெளிப்பு, டைனமோ மேல் படாமல். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று, சில விநாடிகளில் திரும்பி வந்தால், முன்பைவிடச் சத்தமாகவே வந்தால், புல்லி கோடு தப்பியிருக்கிறது. பட்ட உடனே சத்தம் அதிகமாகி இழுத்துக் கத்தினால் இழுவிசை போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் போங்கள். எந்த மாற்றமும் இல்லையென்றால் சத்தம் ரப்பரிலிருந்து வரவில்லை. பத்து ரூபாய்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் பாகங்கள் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைச் செய்யும்போது கையை உள்ளே விடாதீர்கள். வேட்டி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் மாட்டிய ஐடி கார்டு, எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும், அதையும் மனதில் வையுங்கள்.

இதன் பிறகும் சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதை மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். கழற்றும் முன் பெல்ட் எந்தப் புல்லியில் எப்படிப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் டென்ஷனரே இல்லாத, இழுத்து மாட்டும் வகை பெல்ட் இருந்தால், கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பெல்ட் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் பேட்டரி விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடலாம் என்பதால் குளிர்ந்த எஞ்சினில் முப்பது விநாடிதான், அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் செயின், வால்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெல்ட் கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டுமே இருக்கும் ஐட்லர் புல்லி நல்லதாக இருந்தால், சுற்றிவிட்டதும் கிரீஸின் மெல்லிய தடையோடு ஓடி நிற்கும். சைக்கிள் சக்கரம் மாதிரி சரசரவென்று நிற்காமல் சுற்றினால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. இங்கே பலர் ஏமாறுவார்கள், ‘எவ்வளவு ஃப்ரீயா சுத்துது பாருங்க சார்’ என்று சந்தோஷப்படுவார்கள். வாட்டர் பம்பில் பேரிங் ஆடுகிறதா, அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக கூலண்ட் கசிந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி கம்ப்ரஸர் புல்லி, ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் எஞ்சினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ‘ஏசி ஆஃப்லயும் வருது, அதனால கம்ப்ரஸர் இல்ல’ என்ற வாதம் செல்லாது. டைனமோ புல்லியைக் கையால் சுற்றும்போது சத்தமோ ஆட்டமோ இல்லையென்றால், இரண்டாவது மெக்கானிக்கின் யோசனையையும் ஓரமாக வைத்துவிடலாம். டீசல் வண்டிகள் பலவற்றில் அந்தப் புல்லிக்குள்ளேயே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருக்கும். அது இரண்டு பக்கமும் இறுகியோ, இரண்டு பக்கமும் வழுக்கியோ சுற்றினால் போய்விட்டது என்று அர்த்தம்.

கழற்றிய பெல்ட்டும் பேசும். வரிகளின் பக்கச் சுவர் கண்ணாடி போல மின்னினால் வழுக்கியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து மயிர் மயிராக நின்றால் கோடு தப்பி ஓடியிருக்கிறது. வரிகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருந்தால் அதுவே கீச்சுக்குக் காரணமாகலாம். வெடிப்பு இல்லையே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்தக் காலத்து நியோப்ரீன் பெல்ட்தான் வயதானால் வெடிக்கும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் வெடிக்காமலேயே டயர் மாதிரி தேய்ந்துபோகும்.

உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் டென்ஷனர் மேல்தான். ஸ்பிரிங் வைத்த கை ஒன்றின் நுனியில் புல்லி இருக்கும். அந்தக் கை ஆடும் இடத்திலுள்ள புஷ் தேய்ந்தால் இழுவிசையும் குறையும், புல்லியும் சாயும், ஒரே கல்லில் இரண்டு கோளாறு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்தக் கையைப் பாருங்கள். லேசாக அசையலாம், வெடவெடவென்று நடுங்கினால் அது போய்விட்டது. இரண்டாவது சந்தேகம் கிராங்க் புல்லி. அது பல வண்டிகளில் ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே அதிர்வைத் தாங்க ரப்பர். அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் கோணலாகச் சுற்றும். குடத்திலிருந்து வளையம் வரை சாக்பீஸால் ஒரே நேர்கோடு போடுங்கள். சில நாள் கழித்துக் கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது.

கோடு பார்க்க லேசர் கருவிகள் உண்டு. எங்கள் பட்டறையில் கொத்தனார் நூல்தான். இதற்கு ஒரு கதை இருக்கிறது. டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் இதே கீச் சத்தத்தோடு வந்தார். நான்கு மாதத்தில் மூன்று பெல்ட் மாற்றியிருந்தார். நான் டென்ஷனரை மாற்றினேன், ஐட்லரை மாற்றினேன், இரண்டு தடவையும் பத்து நாளில் திரும்பி வந்து நின்றார். இரண்டு தடவையும் அவர் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடைசியில் எங்கள் மேஸ்திரி வந்து, ‘இதுல எதை எப்ப கழட்டினீங்க?’ என்று டிரைவரைக் கேட்டார். ‘டைனமோ மட்டும் புதுப்பேட்டையில பழசு வாங்கிப் போட்டோம்ணே, ஆறு மாசம் இருக்கும்.’ மேஸ்திரி பேசாமல் கிராங்க் புல்லியின் முகத்தில் நூலை வைத்து டைனமோ புல்லி வரை இழுத்துப் பிடித்தார். டைனமோ புல்லி 3 மி.மீ. முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. டைனமோ நல்ல டைனமோதான். அதே குடும்பத்து வேறொரு மாடலுக்கு வந்தது, புல்லிக்குப் பின்னால் கனமான ஒரு வாஷரோடு. பழைய டைனமோவிலிருந்த மெல்லிய வாஷரைத் தேடி எடுத்துப் போட்டதும் குருவி பறந்துவிட்டது. டிரைவர் என்னைத்தான் பார்த்தார். ‘ஒரு வாஷருக்காண்ணே இவ்வளவு நாள் அலைஞ்சோம்?’ ‘எதை எப்ப கழட்டினீங்க’ என்ற அந்தக் கேள்வியை மேஸ்திரி முதல் நாளே கேட்டிருப்பார், நான்தான் அவரைக் கூப்பிடவில்லை.

எவ்வளவு விலகினால் தப்பு என்று கேட்பீர்கள். அரை டிகிரிக்குள் இருப்பது நல்லது. இரண்டு புல்லிக்கும் நடுவே 20 செ.மீ. இடைவெளி என்றால் அது 1.7 மி.மீ. வெறும் கண்ணுக்கு நேராகத் தெரிகிற அளவு, அதனால்தான் நூல் வேண்டும். ஆகவே உங்களிடமும் அதே கேள்வி: சத்தம் தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கம் எந்த வேலை நடந்தது? டைனமோ, வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், எஞ்சின் மவுண்ட், எது கழன்றிருந்தாலும் அங்கிருந்து தொடங்குங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சூடான பேரிங் திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சில உடனே கத்தவில்லை, பல மாதம் கழித்துத்தான் ஒவ்வொரு பேரிங்காகப் பேச ஆரம்பித்தன.

பெல்ட்டைக் கழற்றியும் சத்தம் தொடர்ந்தால் வேறு கதை. கிளட்ச் பெடல் மேல் காலை லேசாக வைத்துப் பாருங்கள். அழுத்தாமல், வெறும் கால் பாரம்தான். அதிலேயே நின்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் அல்லது அதன் ஃபோர்க். வண்டி ஓடும்போது மட்டும் கீச்சிட்டு, பிரேக் தொட்டால் மாறினால் அது எஞ்சினே இல்லை, பிரேக் பேட். எஞ்சினை நிறுத்திய பிறகும் கீச் கேட்டால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேங்காய் நாரும் பஞ்சுமாக அணில் கூடு கட்டியிருந்த ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓனர் அதையும் பேரிங் என்றுதான் சொன்னார்.

தயவுசெய்து பெல்ட்டில் சோப்பு, மெழுகுவர்த்தி, துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் போட விடாதீர்கள். சத்தம் உடனே நிற்கும், அதுதான் அதன் ஆபத்து. எண்ணெய் பட்ட ரப்பர் வழுக்கும், தூசு ஒட்டும், அப்புறம் எது அசல் சத்தம், எது பூசியதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

டென்ஷனரோ ஐட்லரோ வாங்க வேண்டி வந்தால் ஜிபி ரோட்டில் அலைந்து வாங்கலாம், ஆனால் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். பல ஐட்லர்களில் 6203 பேரிங்தான் இருக்கும், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. இரும்புப் புல்லி என்றால் பேரிங்கை மட்டும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம், சில நூறு ரூபாயில் முடியும். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்ததென்றால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பேரிங் வாங்கும்போது 2ஆர்எஸ், அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேளுங்கள். தகடு மூடிய இசட்இசட் நம் ஊர்ச் சேற்றுக்கும் மழைக்கும் தாங்காது.

நாளைக் காலை முதல் வேலையாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நின்று திரும்பி வந்ததா, உடனே கூடியதா, ஒன்றுமே மாறவில்லையா என்று சொல்லுங்கள். கூடவே, கடந்த ஆறு மாதத்தில் அந்தப் பக்கம் எதையெல்லாம் கழற்றினார்கள் என்ற பட்டியலும் வேண்டும். அது தெரிந்தால் டென்ஷனரா, கிராங்க் புல்லியா, எதில் முதலில் கை வைப்பது என்று சொல்லிவிடலாம்.